சாப்பாட்டு மேசையும் லாத்தாவின் மணிக்கட்டும்

லாத்தாவின் கையிலிருந்து தேநீர்க் குவளை நழுவி விழுந்த காலையில் அந்த மாடி அறையில் லாத்தா இருந்தார், எடிட்டர் அண்ணன் இருந்தார், நான் இருந்தேன். முதலாளி இல்லை; சதுர்த்தி என்று காத்தோங் பிள்ளையார் கோவிலுக்குப் போயிருந்தார். லாத்தாவின் மகளும் இல்லை. அவள் எப்படி அங்கே இருப்பாள்? நகரின் மறுகோடியில் ஒரு பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்திருப்பாள். ஆனால் கண்ணாடி உடைந்த சத்தம் அடங்குவதற்குள் லாத்தா திரும்பிப் பார்த்தது படிக்கட்டைத்தான், மகள் ஏறி வருகிறாளோ என்பதுபோல. யாரும் வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் தன் கையைப் பார்த்தார். குவளை உடைந்து கீழே கிடந்தது. விரல்கள் மட்டும் அதை இன்னும் பிடித்திருப்பதுபோல வளைந்தே இருந்தன.

“லாத்தா, கப்பு கீழ போயிடுச்சு. கையை இறக்குங்க, டிரைவர் ஸ்டியரிங் பிடிச்ச மாதிரி இருக்கு” என்றார் எடிட்டர் அண்ணன். எதையும் கேலியாக்கிவிடுவது அவர் வழக்கம். லாத்தாவும் பதிலுக்குப் பதில் கொடுப்பவர். அன்று அவர் வளைந்த விரல்களை மற்றொரு கையால் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

சிங்கப்பூரில் தேக்காச் சந்தைக்குப் பின்னால், கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டிய ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். படங்களுக்கும் தொடர்களுக்கும் தமிழில் வசன வரி போடுவது எங்கள் வேலை. சீனத்து அரண்மனைத் தொடர்தான் அதிகம் வரும். ஆங்கிலத்தில் வந்திருக்கும் வசனத்தை வைத்துக்கொண்டு, படத்தை ஓடவிட்டு, நிறுத்தி, தமிழில் தட்டி, வரி எந்த நொடியில் தோன்ற வேண்டும், எந்த நொடியில் மறைய வேண்டும் என்று சுட்டியால் இழுத்துப் பொருத்த வேண்டும். இடது கை விசைப்பலகையில், வலது கை சுட்டியில். காலையிலிருந்து மாலை வரை இதேதான். நான் பாலிடெக்னிக் முடித்துச் சேர்ந்த முதல் வேலை அது. எங்கள் வரிகளைத் திருத்துபவர் எடிட்டர் அண்ணன். லாத்தா எனக்கு முன்னால் பல வருடங்களாக அங்கே இருந்தவர். அவருடைய தாத்தா நாகூரிலிருந்து துணி வியாபாரத்துக்கு வந்தவர். அக்காவை அவர்கள் வீட்டில் லாத்தா என்பார்கள்; அவருடைய தங்கை ஒருமுறை அலுவலகத்துக்கு வந்து அப்படிக் கூப்பிட்டுவிட்டுப் போக, எங்கள் எல்லாருக்கும் அதுவே பெயராகிவிட்டது. வயதில் மூத்த முதலாளிகூட அவரை லாத்தா என்றுதான் கூப்பிடுவார்.

மேசைகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. கீழ்த்தளத்தில் முதலாளியின் அப்பா வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். அவர் காலமான பிறகு கடையை நடத்த ஆளில்லை. கீழ்த்தளம் கைத்தொலைபேசிக் கடைக்கு வாடகைக்குப் போயிற்று. அடுப்பும் அண்டாக்களும் விலைக்குப் போயின. மேசைகளை மட்டும் முதலாளி விற்கவில்லை. தேக்குக் கால்கள், மேலே வெள்ளைப் பளிங்குப் பலகை. ஒவ்வொன்றையும் தூக்க நாலு பேர் வேண்டும். அவற்றையெல்லாம் அந்தக் குறுகலான படிக்கட்டில் ஏற்றிக் கொண்டுவந்து மாடியில் போட்டு, அவற்றின் மேல் கணினிகளை வைத்துத்தான் அவர் தொழிலைத் தொடங்கினார். தினமும் காலையில் வந்ததும் முதல் வேலையாக ஈரத் துணியால் பளிங்கைத் துடைப்பார். கணினியைத் துடைத்து நான் பார்த்ததில்லை. வாடிக்கையாளர் யாராவது வந்தால், “இந்த மேசையில சாப்பிடாத ஆளு அந்தக் காலத்துல சிராங்கூன் ரோட்டுல கிடையாது” என்று தட்டிக் காட்டுவார். பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் குளிர்சாதனம் ஓடும் அறையில் அந்தக் கல் குளிர்ந்து கிடக்கும். அதன் விளிம்பு நேராக மணிக்கட்டின் அடியில் வந்து அழுத்தும்.

உடைந்த கண்ணாடியைக் கூட்டி எடுத்த பிறகு லாத்தா எங்களிடம் சொன்னார். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் சில மாதங்களாகவே மரத்துப்போகின்றன. விடியும் நேரத்தில் வலி எழுப்பிவிடுகிறது. மருத்துவரிடம் காட்டியாகிவிட்டது. மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது, கையை வளைத்துக்கொண்டு தட்டுவதை நிறுத்த வேண்டும், பொறுத்துப் பார்ப்போம், சரியாகாவிட்டால் அறுவை செய்ய வேண்டிவரும் என்று சொல்லியிருக்கிறார்கள். கையை நேராக வைத்திருக்கப் பட்டை ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அதைக் கைப்பையில் ஒளித்து வைத்துக்கொண்டு, வேலைக்கு வந்த பிறகு சட்டைக் கைக்குள் கட்டிக்கொள்கிறார்.

“பாஸ்கிட்ட யாரும் சொல்லிடாதீங்க. அவர் நல்ல மனுஷன். கேட்டதுமே வீட்ல போய் ரெஸ்ட் எடுங்கன்னு அனுப்பிடுவாரு. நான் வீட்ல உக்காந்தா என் மவ கேப்பா, ஏம்மா வேலைக்குப் போகலைன்னு.”

“தெரிஞ்சா என்ன லாத்தா? மகதானே?” என்றேன்.

“தம்பி, அவளுக்கு நிக்காஹ் வருது. மருதாணி நான்தான் போடணும்.”

எனக்கு முதலில் புரியவில்லை. மருதாணி போட இந்த வட்டாரத்தில் ஆளா இல்லை? எங்கள் அலுவலகத்திலிருந்து இறங்கினாலே கடைவாசல்களில் முக்காலி போட்டுக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். சுற்றுலா வந்தவர்கள்கூடக் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். லாத்தா பொறுமையாகச் சொன்னார். அவருடைய குடும்பத்தில் மணப்பெண்ணுக்கு அம்மாதான் மருதாணி போடுவது. அவருக்கு அவர் அம்மா போட்டார், அம்மாவுக்கு அவருடைய அம்மா. புக்கிட் பாஞ்சாங்கில் அவர் இருக்கும் அடுக்குமாடி புளோக்கில் பாதிக் கல்யாணப் பெண்களுக்கு அவர்தான் போட்டிருக்கிறார். மகள் பிறந்த அன்று அவள் உள்ளங்கையை விரித்துப் பார்த்தபோதே ஒரு கொடியை மனதில் ஓடவிட்டுப் பார்த்தாராம். “அந்தக் கொடி இத்தன வருஷமா இங்கேயே கிடக்கு” என்று இடது கையால் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். மகளுக்குத் தெரிந்தால் அம்மாவுக்குச் சிரமம் வேண்டாம் என்று வெளியில் ஆள் பேசிவிடுவாள். அவள் அப்படிப்பட்ட பிள்ளை. அதனால்தான் இந்த ஒளிவுமறைவு.

என் கதையையும் இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். என் அப்பா கப்பல் பட்டறையில் வெல்டர். அம்மா ஓர் உணவு நிலையத்தில் தட்டு எடுத்து மேசை துடைத்தவர். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். உட்கார்ந்து வேலை செய்த முதல் ஆளும் நான்தான். எனக்கும் அப்போது மணிக்கட்டில் வலி தொடங்கியிருந்தது. வீட்டில் சொன்னபோது அப்பா, “ஏர்கான்ல உக்காந்து எழுத்துத் தட்டுறதுக்குக் கை வலிக்குதாம், கேட்டியா?” என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். பிறகு அவரே எழுந்து போய் வலிக்குத் தடவும் மஞ்சள் எண்ணெய்ப் புட்டியை எடுத்து வந்து தேய்த்துவிட்டார். அவர் உள்ளங்கை மரப்பட்டை மாதிரி இருக்கும். அந்தக் கையிடம் என் கையைக் கொடுக்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. உட்கார்ந்து செய்யும் வேலையிலும் உடம்பு தேயும் என்பதை எங்கள் வீட்டில் யாரும் அதுவரை அறிந்திருக்கவில்லை. அறிந்துகொள்ள வேண்டியது படித்தவனான என் கடமை என்று எனக்குத் தோன்றியது. அந்த வயதில் எனக்கு எல்லாமே கடமையாகத்தான் தோன்றும்.

ஆகவே தேடிப் படித்தேன். மணிக்கட்டு மேலும் கீழும் மடங்காமல் முழங்கையிலிருந்து விரல் வரை ஒரே கோடாக இருக்க வேண்டும். முழங்கை உடம்பை ஒட்டி, எல் எழுத்து மாதிரி மடங்கியிருக்க வேண்டும். தோள் தூக்கிக்கொண்டிருக்கக் கூடாது. விசைப்பலகையின் பின்னால் இருக்கும் குட்டிக் கால்களை மடக்கிவிட வேண்டும். விசையை ஓங்கித் தட்டக் கூடாது. சுட்டி எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருக்கக் கூடாது. தட்டாத நேரத்தில் கையை மடியில் வைக்க வேண்டும், அடிக்கடி எழுந்து விரல்களை விரித்து மடக்க வேண்டும். இதையெல்லாம் தொழில் பழக்கத்தில் சின்னச் சின்ன வரிகளாகத் தமிழில் எழுதி, அச்சடித்து, ஒவ்வொருவர் திரைக்கும் மேலே ஒட்டினேன்.

எடிட்டர் அண்ணன் கழுத்தை நீட்டிப் படித்தார். “கைக்கும் சப்டைட்டில் போட்டுட்டானா? நல்லா இருக்குலா. டைமிங்தான் கொஞ்சம் லேட்டு.”

லாத்தா மட்டும் சிரிக்காமல் ஒவ்வொரு வரியாகப் படித்து, ஒவ்வொன்றாகச் செய்துபார்த்தார். சிக்கல் முழங்கையில் வந்து நின்றது. அந்த மேசையின் உயரத்துக்கு முழங்கையைச் சரியாக வைக்க வேண்டுமானால் நாற்காலியை ஏற்ற வேண்டும். லாத்தா குள்ளமானவர். நாற்காலியை உச்சி வரை ஏற்றியும் போதவில்லை. மேலே ஒரு மெத்தையும் அதன் மேல் இன்னொரு மெத்தையும் போட்டோம். இப்போது முழங்கை சரியாக வந்தது. ஆனால் கால் தரையில் படவில்லை. கால் வைக்க ஒரு பெரிய பிஸ்கட் தகரத்தைக் கவிழ்த்துப் போட்டோம். அவர் ஏறி உட்கார நான் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். “மகாராணி தர்பாருக்கு எழுந்தருளுகிறார்” என்று அண்ணன் கட்டியம் கூறுவார். நானும் என் நாற்காலியை ஏற்றிக்கொண்டேன். அண்ணனுக்கும் பொறாமை வந்து அவரும் ஏற்றிக்கொண்டார். முதலாளி வந்து பார்த்துவிட்டு, “என்னப்பா, எல்லாரும் திடீர்னு வளந்துட்டீங்க?” என்று கேட்டுவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டார்.

இப்போது நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. நாற்காலியை மாற்றினோம், மெத்தையை மாற்றினோம், தகரத்தை மாற்றினோம், சுட்டிக்கு அடியில் பஞ்சுப் பட்டை வாங்கி வைத்தோம், கல்லின் விளிம்பில் துண்டை மடித்துப் போட்டோம். மேசையைத் தொட வேண்டும் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அது முதலாளியின் அப்பா கடைச் சாமான். கோவில் தூணில் தலை இடித்தால் நாம் குனிந்து போகிறோமே தவிர, தூணை நகர்த்தச் சொல்கிறோமா என்ன?

என் வலி சீக்கிரம் போய்விட்டது. லாத்தாவுக்குப் போகவில்லை. அந்த உயரத்தில் உட்கார்ந்து கால் வீங்கியதுதான் மிச்சம். மெத்தை சரிந்து சரிந்து, மாலைக்குள் பழையபடி இறங்கி, மணிக்கட்டு மறுபடியும் கல்லின் விளிம்பில் வந்து படுத்துக்கொள்ளும். மதிய இடைவேளையில் அவர் மருதாணிக் கூம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, பிளாஸ்டிக் தாளில் கோடு போட்டுப் பழகுவார். கொடி அழகாகக் கிளம்பும். தண்டு வளையும், ஓர் இலை வரும், இன்னோர் இலை வரும். அதற்குள் கட்டைவிரல் மரத்துவிடும். கூம்பை அழுத்துவது கட்டைவிரல்தானே. எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாமல் போனால் ஒன்று கோடு அறுந்துபோகும், இல்லாவிட்டால் ஒரே இடத்தில் கொட்டிவிடும். அவர் ஈரத் துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். துணி காய்ந்தால் அண்ணன் எழுந்து போய் நனைத்துக்கொண்டு வந்து வைப்பார்.

வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. கணினிகளைச் சுவரோரம் தள்ளிவைத்துவிட்டு, முதலாளி மேசைகளில் வாழையிலை விரிப்பார். வெள்ளிக்கிழமை அவர் சைவம். அதனால் எல்லாருக்கும் சைவம். பக்கத்துக் கடையிலிருந்து சோறும் சாம்பாரும் கூட்டும் பொரியலும் வரும். அவரே வாளியைத் தூக்கிக்கொண்டு, அவருடைய அப்பா செய்ததுபோல, இடுப்பை வளைத்துப் பரிமாறுவார். எல்லாருக்கும் பரிமாறிய பிறகுதான் உட்காருவார். அந்த ஒரு மணி நேரத்தில் அந்த மேசைகளுக்கு உயிர் வந்துவிடும். சாப்பிட உட்காரும்போது நாங்கள் நாற்காலிகளைக் கீழே இறக்கிக்கொள்வோம்.

அந்த வெள்ளிக்கிழமை லாத்தா சோற்றில் கை வைத்தார். சாம்பாரோடு பிசைந்தார். உருட்டி எடுத்தார். வாய்க்குப் போகும் வழியிலேயே விரலிடுக்கில் சோறு கொட்டிவிட்டது. மறுபடியும் எடுத்தார். மறுபடியும் கொட்டியது. மெதுவாக அண்ணனிடம், “ஒரு கரண்டி இருந்தா எடுப்பா” என்றார். சின்னக் குரலில்தான் சொன்னார். ஆனால் வாழையிலைக் கடையில் பிறந்து வளர்ந்தவருடைய காதுக்கு அந்தச் சொல் கேட்காமல் போகுமா?

முதலாளி வாளியோடு நின்றுவிட்டார். “கரண்டியா? யாருக்கு?”

“எனக்குத்தான் பாஸ். கையில சின்ன வெட்டு.”

“எங்க, காட்டுங்க.”

லாத்தா காட்டவில்லை. காட்ட வெட்டு எதுவும் இல்லை. முதலாளி இலையைப் பார்த்தார். இலையைச் சுற்றி வெள்ளைக் கல்லில் சிந்திக் கிடந்த சோற்றைப் பார்த்தார். வயது வந்தவர்கள் சிந்திச் சாப்பிட்டால் அதற்குக் காரணம் இருக்கும் என்பது பரிமாறிப் பழகிய எவருக்கும் தெரியும். அவர் வாளியைக் கீழே வைத்தார். யாரையும் எதுவும் கேட்காமல் அவரே போய்க் கரண்டியைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து இலையின் ஓரத்தில் வைத்தார். பிறகு, அவருக்கென்று போட்டிருந்த இடத்துக்குப் போகாமல், லாத்தாவுக்கு எதிரில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அது என் நாற்காலி; நான் தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன். அன்று ஏதோ மறதியில் அதை இறக்காமல் விட்டிருந்தேன்.

உட்கார்ந்தவர் இலையில் கை வைக்கக் குனிந்தார். இன்னும் குனிந்தார். “என்னலா இது? மேசை எங்க போச்சு? இலை பாதாளத்துல கிடக்கு!”

“மேசை அங்கேயேதான் இருக்கு பாஸ். நீங்கதான் மேல இருக்கீங்க” என்றார் அண்ணன்.

“இவ்வளவு உயரத்துல உக்காந்தா மனுஷன் எப்படிச் சாப்பிடுவான்?”

“சாப்பிட இல்ல பாஸ், தட்டச்சு செய்ய” என்று நான் தண்ணீர்ச் செம்போடு வந்து சொன்னேன். சொல்லிவிட்டு லாத்தாவைப் பார்த்தேன். அவர் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே நிமிர்ந்து, ஒளித்துவைத்ததையெல்லாம் இலைக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். கையையும், குவளையையும், மகளையும், மருதாணியையும். கடைசியில், “உங்க மேசை மேல ஒரு குத்தமும் இல்ல பாஸ். சாப்பிடுறவங்க உக்காரச் செஞ்ச மேசை. நாங்கதான் அதுல வேற வேலை செய்யுறோம்” என்றார்.

முதலாளி என் நாற்காலியிலிருந்து இறங்கினார். தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தார். கை கழுவப் போகும்போது, “இந்த மேசையில ஒருத்தர் சாப்பிட முடியாம எந்திரிச்சாங்கன்னு எங்கப்பாவுக்குத் தெரிஞ்சிருந்தா, என்னைத்தான் முதல்ல வெட்டியிருப்பாரு” என்றார். எங்களிடம் சொன்னாரா, அவருக்கே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் ஒரு தச்சர் ரம்பத்தோடு படியேறி வந்தார். மேசைக் கால்களை அறுத்துக் குறைக்கச் சொல்லி அவரை அனுப்பிய முதலாளியைக் காணோம். லாத்தா நாற்காலியைக் கால் தரையில் படும்படி இறக்கி, முழங்கையை மடக்கிக் காட்ட, தச்சர் அந்த உயரத்தைத் தேக்குக் காலில் பென்சிலால் குறித்துக்கொண்டார். நாங்கள் பளிங்குப் பலகைகளைத் தூக்கிச் சுவரில் சாத்தினோம். ரம்பம் ஓடியபோது பழைய தேக்கின் மணம் அறை முழுக்கப் பரவியது. விளிம்புகளையும் தேய்த்து மழுக்கச் சொன்னோம். கல்லைத் தன்னால் தேய்க்க முடியாது என்று தச்சர் சொல்லிவிட, விளிம்புக்கு ரப்பர் பட்டை ஒட்டினோம். எல்லாம் முடிந்த பிறகுதான் முதலாளி வந்தார். குட்டையாகிப்போன மேசைகளை ஒரு சுற்றுச் சுற்றினார். ஈரத் துணியை எடுத்துத் துடைத்தார். குனிந்து துடைக்க வேண்டியிருந்தது. “முதுகு பிடிச்சுக்கப் போவுது. எனக்கு யாரு அச்சடிச்சு ஒட்டுவா தம்பி?” என்றார் என்னைப் பார்த்து. எல்லாரும் சிரித்தோம். நிம்மதிச் சிரிப்பு.

ஒரே ஒரு மேசையை அவர் அறுக்கவிடவில்லை. வெள்ளிக்கிழமைக்கு அது வேண்டும் என்று வைத்துக்கொண்டார். அதன் பிறகு நாங்கள் எல்லாரும் அந்த ஒரே மேசையைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்து சாப்பிட்டோம். அடுத்தவர் இலையில் முழங்கை படும். எனக்கு அந்த நெருக்கம் பிடித்திருந்தது.

மேசை இறங்கியதும் லாத்தாவின் கை சட்டென்று சரியாகிவிடவில்லை. நரம்புக்கு அவசரம் தெரியாது. சுட்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். முதல் சில நாட்கள் அவர் இழுத்த வரிகள் அரசர் பேசும்போது அரசிக்கும், அரசி அழும்போது குதிரைக்கும் போய் விழுந்தன. “குதிரை நல்லா வசனம் பேசுது லாத்தா” என்பார் அண்ணன். பட்டையை இப்போது ஒளிக்காமல் கட்டிக்கொண்டார். நான் கைத்தொலைபேசியில் மணி வைத்து, அடித்ததும் எல்லாரையும் எழுப்பிவிடுவேன். முதலாளி உட்பட எல்லாரும் நின்றுகொண்டு விரல்களை விரித்து விரித்து மடக்குவோம். கீழே கைத்தொலைபேசிக் கடைப் பையன்கள் மணிச் சத்தத்தைக் கேட்டு ஏதோ வழிபாடு நடக்கிறது என்று நினைத்தார்களாம். விடியற்காலை வலி குறைந்தது. பிறகு நின்றது. மரத்துப்போவது மட்டும் வேலை நீண்டால் திரும்பி வரும். அறுவை வேண்டாம், ஆனால் கையை மிரட்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பிளாஸ்டிக் தாளில் கொடி இப்போது இன்னும் கொஞ்ச தூரம் போயிற்று.

நான் இப்போது வேறு நிறுவனத்தில் இருக்கிறேன். பொங்கோலில் கடலைப் பார்த்த வீட்டிலிருந்தே பாதி வாரம் வேலை. என் மேசைக்கு ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் மேசை ஏறும், விட்டால் நிற்கும், மறுபக்கம் அழுத்தினால் இறங்கும். அப்பா முதல்முறை வந்தபோது அதை ஏற்றி இறக்கிக் குழந்தை மாதிரி விளையாடினார். “இப்படி ஒண்ணு இருந்தா பட்டறையில நாங்க ஏன் படுத்துக்கிட்டு வெல்டிங் வைக்கிறோம்?” என்றார். உடம்பை வேலைக்கு வளைப்பது எங்கள் குடும்பத்தில் யாரும் கேள்வி கேட்காத பழக்கம். வேலையை உடம்புக்கு வளைக்கலாம் என்று நான் படித்தது பாலிடெக்னிக்கில் இல்லை, இணையத்தில் தேடி எடுத்து ஒட்டிய வரிகளிலும் இல்லை. நாங்கள் மூவரும் அறியாமல் நாற்காலியை ஏற்றிக்கொண்டே போனதிலும், ஒருவர் தன் அப்பாவின் மேசையை அறுக்கச் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றதிலும்தான் அது எனக்குப் புரிந்தது. இன்றைக்கும் நெடுநேரம் தட்டிக்கொண்டிருந்துவிட்டு மணிக்கட்டில் லேசாகச் சுருக்கென்றால், கையை எடுத்து மடியில் வைத்துவிடுகிறேன். வரி காத்திருக்கும்.

லாத்தா மகளுக்கு மருதாணி போட்ட நாள் மாலை முதலாளியும் அண்ணனும் நானும் புக்கிட் பாஞ்சாங் வீட்டுக்குப் போயிருந்தோம். கூடம் நிறையப் பெண்கள். எங்களுக்கு வாசலை ஒட்டி, லாத்தாவின் கணவர் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். அவரை மகள் அத்தா என்று கூப்பிட்டாள். கதவு திறந்திருந்தது. மகள் கையை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதிரில், சரியான உயரத்தில் ஒரு சின்ன முக்காலியில், முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு லாத்தா. முதலாளி என் காதில், “உயரம் சரியா இருக்கா தம்பி?” என்றார். “அளந்து போட்ட மாதிரி இருக்கு பாஸ்” என்றேன். லாத்தா வலது கையில் தொடங்கினார். இத்தனை வருடம் நெற்றிக்குள் கிடந்த கொடி மணிக்கட்டிலிருந்து கிளம்பியது. நடுவில் நிறுத்துவார், கையை மடியில் வைப்பார், விரல்களை விரித்து மடக்குவார், மறுபடியும் கூம்பை எடுப்பார். பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். கொடி உள்ளங்கையைச் சுற்றி வளைந்து, ஒவ்வொரு விரலிலும் ஏறி, சுண்டுவிரல் நுனியில் ஒரு மொட்டாக முடிந்தது. எங்கும் அறுபடவில்லை, எங்கும் கொட்டவில்லை.

லாத்தா நிமிர்ந்தார். முகம் வியர்த்திருந்தது. கட்டைவிரலை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, “அந்தக் கையக் குடு” என்றார்.

மகள் இடது கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள். “போதும்மா. இந்தக் கை உன்னோடது. அந்தக் கை கடைக்கு.”

“எந்தக் கடைக்கு?”

கூடத்தின் மூலையில் தட்டில் பிரியாணியோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து நின்றாள். தேக்காவில் கடைவாசலில் முக்காலி போட்டு உட்காரும் பெண்களில் ஒருத்தி. லாத்தா அவளையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“உனக்கு எப்பலேருந்து தெரியும்?”

“ஊறுகாய் பாட்டிலைத் திறக்க அத்தாகிட்ட குடுத்தியே, அன்னைக்கே தெரியும். நீ சொல்லல. நானும் கேக்கல. ஒரு கை போட்டாலும் நீ போடணும்னுதான் கேக்கல.”

லாத்தா கூம்பைக் கீழே வைத்தார். மகளின் வலது கையை, ஈர மருதாணியில் படாமல், விரல் நுனிகளில் ஏந்திப் பார்த்தார். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, அந்தப் பெண்ணைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். தான் போட்ட கொடியைக் காட்டி, இதே போல வர வேண்டும், இலை இந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சொன்னார். கடைசியில் கேட்டார், எவ்வளவும்மா வாங்குவ?

அந்தப் பெண் நாற்பது வெள்ளி என்றாள். ஒரு கைக்குத்தானே, பிரியாணி வேற சாப்பிட்டிருக்கே என்றார் லாத்தா. முப்பது வெள்ளிக்குப் பேரம் முடிந்தது.